ராணியைக் கொடுத்து 17 நகர்த்தலில் வென்ற ஆட்டம்: பலகையோடு படியுங்கள்

சதுரங்கக் காய்களை அடுக்கிக்கொண்டு உட்காருங்கள். இந்த ஆட்டத்தைக் கையால் நகர்த்திப் பார்த்தால்தான் ருசி தெரியும்.

1988, கிரீஸின் தெசலோனிக்கி, மகளிர் சதுரங்க ஒலிம்பியாட். வெள்ளையில் ஹங்கேரியின் ஜூடிட் போல்கர், வயது 12. கறுப்பில் பல்கேரியாவின் பவ்லினா ஆங்கெலோவா. தொடக்கம், சிசிலியன் தற்காப்பில் (இ4க்கு சி5 என்று பதில் தருவது) ரோசோலிமோ வகை (மூன்றாவதாக மந்திரி பி5).

முதல் ஐந்தை வேகமாக ஆடிவிடலாம். ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய் நகர்கிறது.
1. இ4 சி5
2. குதிரை எஃப்3, குதிரை சி6
3. மந்திரி பி5, ஜி6
4. வெள்ளை கேஸ்ட்லிங் (ஒரே நகர்த்தலில் ராஜா ஜி1க்கு, யானை எஃப்1க்கு), மந்திரி ஜி7
5. சி3 இ5

நிறுத்துங்கள். ஜி6 ஆடியதால் எஃப்6, எச்6 கட்டங்களுக்குச் சிப்பாய்க் காவல் போய்விட்டது. ஜி7 மந்திரிதான் அங்கே காவலாள். கடைசிவரை அதன்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

6. டி4! இங்கேதான் ஆட்டம் சூடுபிடிக்கிறது. டி4 கட்டத்தில் வரிசையாக வெட்டு: கறுப்புச் சிப்பாய், வெள்ளைச் சிப்பாய், கறுப்புக் குதிரை, வெள்ளைக் குதிரை, மறுபடி கறுப்புச் சிப்பாய். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் குறைவு.

9. இ5, குதிரை இ7 (எஃப்6க்கு வர வழியில்லை)
10. மந்திரி ஜி5, கறுப்பு கேஸ்ட்லிங் (ராஜா ஜி8க்கு, யானை எஃப்8க்கு)
11. ராணி டி4 சிப்பாயை வெட்டுகிறது, குதிரை சி6
12. ராணி எச்4, ராணி பி6
13. குதிரை சி3

இப்போது கறுப்புக்கு ஆசை வருகிறது. ஜி7 மந்திரி இ5 சிப்பாயை வெட்டுகிறது. 14. ஏ1 யானை இ1க்கு. அதே மந்திரி சி3 குதிரையையும் வெட்டுகிறது. 15. பி சிப்பாய் மந்திரியை வெட்ட, கறுப்பு ராணி பி5 மந்திரியை எடுத்துவிடுகிறது.

எண்ணிப் பாருங்கள்: வெள்ளைக்கு ஒரு மந்திரியும் ஒரு சிப்பாயும் குறைவு. ஆனால் ஜி7 காலி! எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த நிலை இதுதான். காய்க் கணக்கு ஒன்று சொல்கிறது, ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்கள் வேறொன்று சொல்கின்றன.

16. ராணி எச்6. அடுத்து மந்திரி எஃப்6, பிறகு ஜி7இல் செக்மேட் என்று மிரட்டல். கறுப்பு ராணி எஃப்5க்கு ஓடிவந்து எஃப்6ஐக் காக்கிறது.

வெள்ளையின் அடுத்த நகர்த்தலை ஐந்து நிமிடம் நீங்களே தேடுங்கள்.

17. ராணி எஃப்8 யானையை வெட்டி செக்! ராஜா ராணியை எடுத்தால் மந்திரி எச்6 செக். இ7க்கு ஓட முடியாது, இ1 யானை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜி8தான் வழி. உடனே யானை இ8, செக்மேட். 17ஆம் நகர்த்தலைப் பார்த்ததுமே ஆங்கெலோவா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த ஒலிம்பியாடில் ஜூடிட் 13 ஆட்டங்களில் 12.5 புள்ளி எடுத்தார், தங்கம் ஹங்கேரிக்கு.

பயிற்சிக்கு 14ஆம் நகர்த்தலுக்குத் திரும்புங்கள். கறுப்பு மந்திரியை சி3க்கு அனுப்பாமல் ஜி7க்கே திருப்பிவையுங்கள். இனி வெள்ளை எப்படித் தாக்கும்?