சசெக்ஸ் கிராமங்களும் வெண்பாறைக் கடற்கரையும்: தனி வழிகாட்டியுடன் ஒரு நாள் கார்ப் பயணத்தைத் திட்டமிடும் முறை

லண்டனுக்கு வருகிறவர்கள் ஆங்கிலக் கிராமம் பார்க்க வேண்டும் என்று விசாரித்தால், முதலில் காதில் விழும் பெயர் காட்ஸ்வோல்ட்ஸ். அங்குள்ள ஊர்கள் அழகானவையே. ஆனால் அங்கே கடல் கிடையாது. கிராமம், கடல் இரண்டையும் ஒரே நாளில், அதுவும் காருக்குள்ளேயே நாளைக் கழித்துவிடாமல் பார்க்க விரும்புகிறவர்களுக்கு லண்டனுக்குத் தெற்கேயுள்ள கிழக்கு சசெக்ஸ் மாவட்டமே பொருத்தமானது என்பது என் கருத்து. 2010-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சவுத் டவுன்ஸ் குன்றுத்தொடர் இங்கேதான் கடலைத் தொட்டு, வெண்பாறைச் சுவர்களாக முடிகிறது. முதன்முறையாக இத்தகைய பயணத்தை ஏற்பாடு செய்கிறவர்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கீழே தருகிறேன்.

படி 1: எல்லையைக் குறுக்குங்கள், லூவிஸ் நகரிலிருந்து தொடங்குங்கள்

லண்டனில் தங்குமிடத்து வாசலிலேயே கார் வந்து நிற்க வேண்டும் என்று பலர் விரும்புகிறார்கள். அப்படிச் செய்தால் நகர நெரிசலைக் கடந்து போகவும் திரும்பவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் செலவாகும். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் வழிகாட்டிக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, லண்டன் விக்டோரியா நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய பயணத்தில் லூவிஸ் வந்துவிடலாம். வழிகாட்டியை லூவிஸ் நிலைய வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு செய்யுங்கள். அங்கிருந்து வில்மிங்டன், ஆல்ஃப்ரிஸ்டன், ஈஸ்ட் டீன், பர்லிங் கேப், பீச்சி ஹெட், சீஃபோர்ட் ஹெட் ஆகிய இடங்களைச் சுற்றி மீண்டும் லூவிஸ் வந்து சேர, காரில் உட்கார்ந்திருக்கும் நேரம் மொத்தமாக இரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும்.

கற்கள் பாவிய தெருக்களால் பெயர்பெற்ற ரை என்னும் ஊரையும் இதில் சேர்க்கலாமே என்று தோன்றும். அது ஆல்ஃப்ரிஸ்டனிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அதற்கென்று வேறொரு நாளை ஒதுக்க முடியாவிட்டால், விட்டுவிடுவதே நல்லது.

படி 2: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜூன் மாதத்தில் இங்கே பகல் வெளிச்சம் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் இருக்கும். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிடும். ஆகவே ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரையிலான காலமே தொடக்கநிலைப் பயணிகளுக்கு ஏற்றது. வார நாட்களில் கூட்டம் குறைவு, ஆனால் காலை நெரிசல் நேரத்து ரயில் கட்டணம் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவதுண்டு என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 5 அன்று இந்தப் பக்கம் வருவதைத் தவிர்க்கலாம். லூவிஸ் நகரின் தீப்பந்த ஊர்வலங்களுக்காக அன்று சாலைகள் மூடப்படும்.

படி 3: வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவிலோ இலங்கையிலோ வாகனம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இங்கும் இடப்பக்கமே ஓட்ட வேண்டியிருப்பதால், நாமே வாடகைக் கார் எடுத்தால் என்ன என்ற கேள்வி எழும். ஓட்டலாம், சுற்றுலாப் பயணிகள் தங்கள் நாட்டு உரிமத்திலேயே பன்னிரண்டு மாதங்கள் வரை ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இருபுறமும் ஆளுயர வேலிச்செடிகள் சூழ, எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பின்னோக்கி ஓட்டி ஒதுங்க வேண்டிய ஒற்றைத் தடச் சாலைகள் இங்கு ஏராளம். ஓட்டுகிறவர் அன்றைக்குச் சாலையை மட்டுமே பார்த்துத் திரும்புவார்.

வழிகாட்டிகளில் 'புளூ பேட்ஜ்' பெற்றவர்களை முதலில் தேடுங்கள். சுற்றுலா வழிகாட்டிகளுக்கான இன்ஸ்டிடியூட் ஆஃப் டூரிஸ்ட் கைடிங் என்னும் அமைப்பு, பகுதிவாரியாகப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிறகு அளிக்கும் தகுதி அது. லண்டனுக்கான பேட்ஜ் வைத்திருப்பவர் சசெக்ஸைப் பற்றியும் அதே அளவு அறிந்திருப்பார் என்று கொள்ள வேண்டியதில்லை. தென்கிழக்கு இங்கிலாந்துக்கான பேட்ஜ் உண்டா என்று கேளுங்கள். எட்டுப் பயணிகள் வரை ஏற்றும் வண்டியை ஓட்டுநருடன் வாடகைக்கு விடுவதற்கு, ஏற்பாட்டாளர், ஓட்டுநர், வண்டி ஆகிய மூன்றுக்கும் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்வதற்குரிய காப்பீடு இருக்கிறதா என்பதையும் தயங்காமல் கேட்கலாம். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் இக்கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார்.

அறிவைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். வில்மிங்டன் மலைச்சரிவில் வரையப்பட்டுள்ள 'லாங் மேன்' என்னும் நெடிய மனித உருவம் எவ்வளவு பழமையானது என்று கேட்டுப் பாருங்கள். அது வரலாற்றுக்கு முந்தைய காலத்தது என்று உறுதியாகச் சொல்பவர் பழைய கதையை ஒப்பிக்கிறார். 2003-இல் நடந்த அகழாய்வு, அவ்வுருவம் பதினாறு அல்லது பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகலாம் என்று காட்டியதைச் சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: எழுத்தில் உறுதி செய்யுங்கள்

கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் வண்டிக்கு இவ்வளவு என்றே சொல்லப்படும். எனவே நால்வராகச் சேர்ந்து போனால் செலவு பகிர்ந்துவிடும். எத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் எவ்வளவு, வண்டி நிறுத்தும் கட்டணமும் நுழைவுச்சீட்டும் அடக்கமா, வழிகாட்டியின் மதிய உணவு யார் பொறுப்பு, வானிலை மோசமானால் பயணத் தேதியை மாற்ற முடியுமா என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டுப் பதில் பெறுங்கள். குழந்தைகள் உடன் வந்தால் அவர்களின் வயதையும் உயரத்தையும் தெரிவித்து உரிய இருக்கையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயது அல்லது 135 செ.மீ. உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை தேவை என்பதே இங்குள்ள பொது விதி. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வருவதாக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஏனெனில் எங்கே வண்டியை நிறுத்துவது என்பதே அதனால் மாறும்.

படி 5: முற்பகலைக் கிராமங்களுக்குக் கொடுங்கள்

லூவிஸிலிருந்து புறப்பட்டால் முதலில் வில்மிங்டன். லாங் மேன் உருவத்தின் உயரம் 72 மீட்டர். இப்போது நாம் பார்ப்பது வெள்ளை பூசிய கான்கிரீட் கட்டைகளால் அமைந்த கோடு. கீழே சாலையோரத்திலிருந்து பார்த்தாலே போதும்; கால் மணி நேரத்துக்கு மேல் இங்கே செலவிட வேண்டாம்.

ஆல்ஃப்ரிஸ்டனுக்குப் பத்தரை மணிக்குள் சென்றுவிடுவது நல்லது. அதன் முதன்மைத் தெரு மிகக் குறுகலானது, பகல் ஏற ஏற நெரிசலும் ஏறும். ஊர்ப் புல்வெளியான 'டை'யின் ஓரத்தில், கக்மியர் ஆற்றருகே, பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கூரை வேய்ந்த வீடு ஒன்று இருக்கிறது. கிளர்ஜி ஹவுஸ் என்று பெயர். பழங்கட்டடங்களையும் கடற்கரைகளையும் வாங்கிப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் 1895-இல் தொடங்கப்பட்டு, மறு ஆண்டே வெறும் பத்துப் பவுண்டுக்கு வாங்கிய முதல் கட்டடம் இது. உள்ளே சென்றால் தரையைக் கவனியுங்கள்: வெண்சுண்ணப் பாறையை இடித்து இறுக்கி, புளித்த பாலை ஊற்றி மெழுகிய தரை, சாணம் மெழுகிய திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் உடனே விளங்கும். திறந்திருக்கும் நாட்கள் பருவத்துக்கேற்ப மாறுவதால் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்திலுள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் சுவர்களையும் நின்று பாருங்கள். அவற்றில் பதிந்திருப்பவை சிக்கிமுக்கிக் கற்கள். வெண்சுண்ணப் பாறைக்குள் அடுக்கடுக்காக விளைகிற இந்தக் கற்களைப் பிற்பகலில் கடலோரப் பாறைச் சுவர்களில் கருங்கோடுகளாக மீண்டும் காண்பீர்கள். கட்டுமானக் கல் அரிதான இப்பகுதியில் ஊரும் கோயிலும் வேலிச்சுவரும் இந்தக் கல்லாலேயே எழுந்தன என்பதை அறிந்துகொண்டால், கிராமத்தையும் கடலையும் தனித்தனிக் காட்சிகளாகப் பார்க்கத் தோன்றாது. இப்பயணத்துக்கு வழிகாட்டி வேண்டும் என்று நான் சொல்வதே இதுபோன்றவற்றைச் சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான்.

படி 6: மதிய உணவை முன்பதிவு செய்யுங்கள்

லிட்லிங்டன் வழியாக ஈஸ்ட் டீன் சென்றால், புல்வெளியைப் பார்த்தபடி டைகர் இன் என்னும் பழைய பப் இருக்கிறது. கிராமத்துப் பப்களில் சமையலறை பிற்பகல் இரண்டரை மணி அளவில் மூடிவிடுவது வழக்கம். ஞாயிறு மதியத்தில் முன்பதிவின்றி இடம் கிடைப்பது கடினம். சைவ உணவுக்காரர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். முட்டையும் மீனும் கூடாது என்பதைத் தனியாகக் குறிப்பிடுவது பாதுகாப்பானது.

படி 7: பிற்பகலில் கடலோரம்

ஈஸ்ட் டீனிலிருந்து சில நிமிடங்களில் பர்லிங் கேப். 'செவன் சிஸ்டர்ஸ்' எனப்படும் வெண்பாறைக் குன்று வரிசை இங்கிருந்து மேற்கே கக்மியர் ஆற்றின் முகத்துவாரம் வரை நீள்கிறது. கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உருவான இந்தப் பாறைக்கு எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. அலைகள் அடிவாரத்தைத் தொடர்ந்து அரிப்பதால் பாறை சரிந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் முகப்பு எப்போதும் புதிதாக, வெண்மையாகத் தெரிகிறது. இங்கிருந்த கடலோரக் காவலர் வீடுகளின் வரிசையில் சில, விளிம்பு நெருங்கிவிட்டதால் ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டன.

கடற்கரைக்கு இறங்க உலோகப் படிக்கட்டு உண்டு. சரிவு ஏற்பட்டால் அதை மூடிவிடுவார்கள். கடல் நீர் ஏறும் நேரத்தை வழிகாட்டியிடம் கேட்காமல் இறங்கக் கூடாது, பாறையடியிலேயே நடந்து கக்மியர் வரை போய்விடலாம் என்று எண்ணவும் கூடாது; நடுவழியில் நீர் சூழ்ந்து சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. மேலே நடக்கும்போது விளிம்பிலிருந்து பல மீட்டர் தள்ளியே நில்லுங்கள். பெரும்பகுதிக்கு வேலி இல்லை. புல் மூடிய நிலத்துக்குக் கீழே பாறை குடைந்து வெறுமையாக இருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. மழை பெய்த பிறகு இந்தச் சுண்ண மண் மிகவும் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம்.

அடுத்து பீச்சி ஹெட். 162 மீட்டர் உயரமுள்ள இதுவே பிரிட்டனின் மிக உயர்ந்த வெண்சுண்ணக் கடற்பாறை. கீழே கடலுக்குள் நிற்கும் சிவப்பு வெள்ளைப் பட்டையிட்ட கலங்கரை விளக்கம் 1902-இல் செயல்படத் தொடங்கியது. போகும் வழியில் தெரியும் பெல் டூட் என்னும் பழைய கலங்கரை விளக்கத்தை, அரிப்பிலிருந்து காக்க 1999-இல் அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்.

சீஃபோர்ட் ஹெட் பகுதியைக் கட்டாயம் கடைசியில் வையுங்கள். செவன் சிஸ்டர்ஸ் வரிசை முழுவதையும் ஒரே பார்வையில் காண ஏற்ற இடம் இதுவே. நாம் கிழக்கு நோக்கி நிற்போம். பிற்பகல் மூன்று மணிக்குமேல் வெயில் முதுகுப்புறமிருந்து விழுந்து, தென்மேற்கு நோக்கிய பாறைகளை ஒளிரச் செய்யும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து முகத்துவாரத்தை ஒட்டிய பழைய காவலர் குடிசைகளுக்குக் கீழிறங்கி நடக்க ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகும், திரும்பும்போது அது ஏற்றம். நடக்க முடியாதவர்கள் வண்டி நிற்குமிடத்துக்கு அருகிலுள்ள மேட்டுப் புல்வெளியிலிருந்தே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

படி 8: மூடுபனி நாளுக்கு மாற்றுத் திட்டம்

கோடையிலும் சில காலைகளில் கடலிலிருந்து எழும் பனி பீச்சி ஹெட்டை முற்றிலும் மறைத்துவிடும். அப்படியானால் நாளின் வரிசையைத் திருப்பிப்போடாமல், கடலோர நேரத்தைக் குறைத்து உள்நாட்டுப் பக்கம் திரும்பச் சொல்லுங்கள். ஆல்ஃப்ரிஸ்டனுக்கு அருகிலுள்ள பெரிக் தேவாலயத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டங்கன் கிராண்ட், வனெசா பெல், குவென்டின் பெல் ஆகிய ஓவியர்கள் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. அவர்கள் வாழ்ந்த சார்ல்ஸ்டன் பண்ணைவீடும் சில நிமிடத் தொலைவில்தான். மாலை நான்கு மணிக்குள் பனி விலகினால் சீஃபோர்ட் ஹெட்டுக்கு மட்டும் போய்விட்டு, நியூஹேவன் வழியாக அரை மணி நேரத்தில் லூவிஸ் ரயிலைப் பிடித்துவிடலாம்.