கொமடோர் 64-இல் ஃப்ளைட் சிமுலேட்டர் 2: கைக்கடிகாரத்தை வைத்துச் சோதிக்கும் முறை

ஏறத்தாழ ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகம், 64 கிலோபைட் நினைவகம், பெருக்கல் கட்டளையே இல்லாத 6510 சில்லு. 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டரான கொமடோர் 64-க்கு சப்லாஜிக் நிறுவனம் கொண்டுவந்த விமான விளையாட்டு ஃப்ளைட் சிமுலேட்டர் 2, இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு பைப்பர் ஆர்ச்சர் என்ற சிறு விமானத்தைப் பறக்கவிடுகிறது. திரையில் தெரிவதெல்லாம் கோடுகளும் சில வண்ணப் பரப்புகளும்தான். அதை வைத்து எடைபோடுவது அநியாயம். ஆர்ச்சரின் எண்கள் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். அதற்கு ஒரு கைக்கடிகாரமும் துண்டுக் காகிதமும் போதும்.

அசல் இயந்திரமானால் முதலில் பவர் சப்ளை. பழைய அடாப்டரின் 5 வோல்ட் ரெகுலேட்டர் கெட்டால் மின்னழுத்தம் ஏறி, ராம் சில்லுகளைப் பொசுக்கிவிடும். கம்ப்யூட்டரில் செருகாமல், ஏழு ஊசிப் பிளக்கின் 5-ஆம், 2-ஆம் ஊசிகளுக்கிடையே மல்டிமீட்டர் வையுங்கள். 5.25-ஐத் தாண்டினால் அதை ஒதுக்கிவிடுங்கள். சரியாகக் காட்டினாலும் சூடேறியபின் கெடலாம் என்பதால், புதிதாகத் தயாரான அடாப்டர் வாங்குவதே பாதுகாப்பு. ஃப்ளாப்பியை வேகமாக ஏற்றும் லோடர் கார்ட்ரிட்ஜ் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். நகல் தடுப்புள்ள ஃப்ளாப்பிகள் பல சமயம் அதோடு ஒத்துப்போகா. இன்றைய கம்ப்யூட்டரில் கொமடோர் 64 போல இயங்கும் வைஸ் (VICE) எமுலேட்டரில் ஓட்டுவோர் அசல் டிரைவ் எமுலேஷனை (True Drive Emulation) இயக்கி, வேகத்தை 100 சதவீதத்தில் நிறுத்துங்கள். வேகக் கட்டுப்பாடின்றி ஓடவிடும் வார்ப் முறை அணைந்திருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். பேனலில் உள்ள கடிகாரம் ஒரு நிமிடம் நகர உங்கள் கைக்கடிகாரத்தில் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 60 திரைகளை ஒரு விநாடி என்று எண்ணும் நிரலை 50 ஹெர்ட்ஸ் PAL (ஐரோப்பிய டிவி முறை) இயந்திரத்தில் ஓட்டினால், அதன் ஒரு நிமிடம் 72 விநாடிக்கு நீளும். அமெரிக்காவில் எழுதப்பட்ட நிரல் என்பதால் அந்நாட்டு 60 ஹெர்ட்ஸ் டிவி முறையான என்டிஎஸ்சியில் சோதிப்பதே நியாயம். இதைப் பார்க்காமல் மற்ற அளவுகளை எடுத்துப் பயனில்லை.

இனி முக்கியமான சோதனை. 2,000 அடியில் 100 நாட் வேகத்தில் நேராகப் பறந்து, 15 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் முழு வட்டம் அடியுங்கள். ஏறத்தாழ 2 நிமிடம் ஆக வேண்டும். வேகத்தை 70 நாட்டாகக் குறைத்து, அதே 15 டிகிரியில் மீண்டும் சுற்றுங்கள். இப்போது 85 விநாடி சுமார். ஒரே சாய்வில் மெதுவாகப் போகும் விமானம்தான் சீக்கிரம் திரும்பும். இரண்டு வட்டமும் ஒரே நேரம் எடுத்தால், சாய்வுக்கு ஏற்பப் படத்தைச் சுழற்றுவதைத் தவிர நிரல் வேறெதுவும் செய்யவில்லை. எந்த விமான விளையாட்டையும் இந்த ஒரு சோதனையால் தோலுரித்துவிடலாம்.

பின்பு ஸ்டால், அதாவது வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை. 3,000 அடிக்கு ஏறி, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்கக் குறைத்து, உயரம் இறங்காதபடி மூக்கைச் சிறிது சிறிதாகத் தூக்குங்கள். உண்மையான ஆர்ச்சர் 2 முழு எடையில், ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்) இல்லாமல் 55 நாட் அருகிலும், முழு ஃப்ளாப்பில் 49 அருகிலும் ஸ்டால் ஆகும். ஃப்ளாப் போட்டும் வேகம் மாறவில்லையென்றால் ஃப்ளாப் வெறும் படம்.

கட்டுப்பாடு கையை மீறி ஊசலாடினால் விளையாட்டைக் குறை சொல்வதற்கு முன் ஃப்ரேம்களை (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்களை) கவனியுங்கள். திரை விநாடிக்குச் சில தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. நீங்கள் கொடுத்த அசைவின் விளைவு தெரிவதற்குள் இரண்டாவது அசைவையும் கொடுத்துவிடுவீர்கள். ஒரு தட்டு தட்டி, நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு ஃப்ரேம் காத்திருந்து, பிறகு அடுத்தது. பத்து விநாடியில் படம் எத்தனை தடவை தாவுகிறது என்று கட்டடங்கள் நிறைந்த சிகாகோ மேலும், வெறும் ஏரி மேலும் தனித்தனியே எண்ணுங்கள். கோடுகள் கூடினால் எண்ணிக்கை குறையும்.

கடைசியாக, ஆட்டம் தொடங்கும் சிகாகோ மெய்க்ஸ் ஃபீல்டில் இறங்குங்கள். ரன்வேயில் நின்றபோது உயரமானி 592 அடி அருகே காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் உயரமானியின் காற்றழுத்த அளவைச் சரிசெய்யுங்கள், அதில் ஓர் அங்குலம் (பாதரச அளவு) தவறினால் ஏறத்தாழ ஆயிரம் அடி பிசகும். நிஜ மெய்க்ஸின் 3,900 அடி ரன்வேயை 2003 மார்ச்சில் ஓர் இரவில் புல்டோசர்கள் கீறிப் பாழாக்கின. மிச்சிகன் ஏரியை வலப்பக்கம் வைத்து வடக்கு நோக்கிக் கிளம்ப இன்று இந்த ஃப்ளாப்பி போன்றவைதான் வழி.