பழைய ஜிப்சியின் கொரகொரப்பும் நழுவலும்: கழற்றுவதற்கு முன் கண்டறியும் முறை

மாருதி ஜிப்சி 1985இல் இந்தியச் சாலைகளுக்கு வந்தது, 1.3 லிட்டர் எஞ்சின் பொருத்திய ‘கிங்’ 1996இல் வந்தது. இன்று தனியாரிடம் ஓடிக்கொண்டிருப்பவற்றில் பல, அரசுத் துறை ஏலத்தில் எடுக்கப்பட்டுப் பல கை மாறி வந்தவை. அப்படி வரும் வண்டியில் ஏதாவது ஒரு சத்தம் கூடவே வரும். கொரகொரவென்று அரைக்கிற சத்தமும், ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்காத நழுவலும் சேர்ந்துகொண்டால், பார்த்தவுடன் ‘டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது’ (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி அது) என்று சொல்லிவிடுவது பட்டறைகளில் வழக்கம். இந்தத் தீர்ப்பை உடனே ஏற்க வேண்டியதில்லை. எஞ்சினின் விசையை வழியில் வெட்டிவிட இந்த வண்டியிலேயே கிளட்ச், கியர் லீவர், டிரான்ஸ்ஃபர் லீவர், முன் சக்கர ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் நடுப்பகுதி) என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டியும் சேர்த்தும் பார்த்தாலே, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் பழுது எந்தப் பகுதியில் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் விசை போகும் வழியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினிலிருந்து கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸுக்கும், அங்கிருந்து ஒரு குட்டையான ஷாஃப்ட் மூலம் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் விசை போகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் சேசிஸில் ரப்பர் மவுன்டிங்குகளின்மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து முன்னும் பின்னும் புறப்படும் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் விசையை ஆக்சில்களுக்குக் கொண்டுபோகின்றன. மகிந்திராவின் பழைய ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸின் முதுகிலேயே பிணைந்திருப்பதால் இரண்டின் சத்தத்தையும் பிரித்தறிவது கடினம். ஜிப்சியில் இந்த வகையில் வேலை எளிது.

வண்டிக்கு அடியில் போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மில் இருக்கும். அத்தகைய வண்டியில் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்லமைப்பு) வழியாகத் தூக்கிய சக்கரம் சுழல, தரையில் உள்ள சக்கரம் தாராளமாக உருளும். எனவே எந்த வண்டியானாலும் தரையில் உள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்த பிறகே அடியில் போக வேண்டும்.

நின்ற இடத்திலேயே சோதனையைத் தொடங்கலாம். எஞ்சினை ஓடவிட்டுக் கியரை நியூட்ரலில் வைத்துக் கவனியுங்கள். அப்போது கேட்கும் உறுமல் கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் எழுந்தால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டும் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கியரை ஒவ்வொன்றாகப் போட்டுக் கிளட்சை விடுங்கள். வண்டி நகராது, ஆனால் கியர் பாக்ஸும், குட்டை ஷாஃப்ட்டும், டிரான்ஸ்ஃபர் கேஸின் முதல் கியர்களும் சுழலும். கொரகொரப்பு இப்போதே கேட்டால் பழுது அதுவரை உள்ள பகுதியில்தான். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் கேட்டால் கியர் பாக்ஸ் என்று இன்னும் சுருக்கிவிடலாம். எதுவும் கேட்காமல், சாலையில் ஓடும்போது மட்டும் கேட்டால், சுமை ஏறும்போது மட்டும் பேசும் பழுதாக இருக்கலாம். அல்லது சத்தம் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கலாம்.

நழுவலுக்கு நல்ல சாட்சி ஸ்பீடோமீட்டர் முள். அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளியேறும் ஷாஃப்ட்டின் பக்கத்தில் இணைந்திருப்பதால், எஞ்சின் உறுமியும் வண்டி நகராத நேரத்தில் முள் ஏறுகிறதா என்பதைப் பாருங்கள். முள் ஏறினால் விசை டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. பின் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்திருக்கலாம், அல்லது ஸ்ப்லைன் பல் (ஷாஃப்ட்டின் மீதுள்ள நீளவாட்டு வரிப்பல்) தேய்ந்து வழுக்கலாம். அப்போது முன் ஹப்புகளைப் பூட்டி 4எச் (நான்கு சக்கர இழுவை, உயர் வேகம்) போட்டதும் வண்டி முன் சக்கரங்களால் இழுத்துக்கொண்டு கிளம்பினால் சந்தேகம் உறுதியாகிறது. முள் அசையவில்லையென்றால் கிளட்ச், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றில் ஒன்று.

கிளட்ச் நழுவல் பெரும்பாலும் மேட்டில்தான் முதலில் தெரியும்: மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் வேகம் ஏறும், வண்டியின் வேகம் ஏறாது, சற்று நேரத்தில் கருகிய வாடை வரும். நின்ற இடத்தில் சோதிக்க வேண்டுமானால் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மேல் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் இருமி அணைந்துபோக வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிடிக்கவில்லை. இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற லைனிங்கும் போய்விடும். பிளேட்டை மாற்றச் சொல்வதற்கு முன் பெடலில் சிறிதளவு வெற்று ஆட்டம் இருக்கிறதா என்று காலால் பாருங்கள். கேபிள் இறுக்கமாகச் சரிசெய்யப்பட்டிருந்தால் பெடலை விட்ட பிறகும் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே இருக்கும். அதற்கு ஒரு நட்டைத் தளர்த்தினால் போதும். எஞ்சினின் பின்புற ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்திருந்தால், சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

நழுவல் என்று சொல்லப்படுவது பல நேரங்களில் நழுவலே அல்ல, லீவர் தானாக நியூட்ரலுக்கு எகிறிவிடுவதுதான். 4எல் (நான்கு சக்கர இழுவை, தாழ் வேகம்) போட்டு மேட்டில் ஏறும்போதோ, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விடும்போதோ ‘டக்’கென்று லீவர் கழன்றுகொண்டால், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், லீவர் தண்டை இடத்தில் நிறுத்தும் பந்தும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம், கியரின் கடிபற்கள் மழுங்கியிருக்கலாம். ஆனால் ஜிப்சியில் இவற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ரப்பர் மவுன்டிங்குகளை. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாகக் கடிக்கவிட, மற்றொருவர் வண்டியின் பக்கவாட்டில், பாதுகாப்பான தூரத்தில் குனிந்து டிரான்ஸ்ஃபர் கேஸைக் கவனிக்க வேண்டும். மவுன்டிங் நன்றாக இருந்தால் கேஸ் சற்றே முறுகித் திரும்பும். ரப்பர் கிழிந்திருந்தால் முழுக் கேஸும் எழும்பித் திரும்பும். அப்போது லீவர் தரைத்தகட்டின் துளை விளிம்பில் முட்டிக் கியரிலிருந்து தள்ளப்படுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேஸைப் பிரிக்க ஆகும் கூலிக்கு முன் மவுன்டிங் விலை ஒன்றுமே இல்லை.

முன் சக்கர ஹப்புகள் அடுத்தவை. கையால் திருப்பிப் பூட்டும் ஹப் உள்ள வண்டியில், ஒரு பக்கம் மட்டும் பூட்டி மறுபக்கத்தைத் திறந்தே விட்டால் முன் டிஃபரன்ஷியல் சுமையில்லாத பக்கத்தையே சுழற்றிக்கொண்டிருக்கும். நான்கு சக்கர இழுவை போட்டிருந்தும் முன் சக்கரம் இழுக்காது. பல் பாதி கோத்த நிலையில் இருந்தால் சக்கரத்துக்குள்ளிருந்து கரகரவென்று பல் தாண்டும் சத்தம் வரும். சோதிக்க, டிரான்ஸ்ஃபரை 2எச் (பின் சக்கர இழுவை மட்டும்) நிலையில் வைத்து, இரண்டு ஹப்பையும் பூட்டி, ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் தூக்கிய பக்க ஹப்பை முதலிலும், பிறகு மறுபக்க ஹப்பையும் திறந்து பாருங்கள். காய்ந்து களியாகிப்போன பழைய கிரீஸ்தான் பெரும்பாலும் குற்றவாளி.

பழுதே இல்லாமலும் சத்தம் வரும் ஒரு சூழ்நிலை உண்டு. இவ்வகை வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே டிஃபரன்ஷியல் இல்லை. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். மண்ணிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும், காய்ந்த தார்ச்சாலையில் சரிக்கட்ட முடியாது. ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி, ஸ்டீரிங் கனத்து, லீவர் சிக்கிக்கொண்டு, ‘டங்’கென்ற சத்தத்தோடு விடுபடும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸில் போனால் முறுக்கு இறங்கி லீவர் கழன்றுவிடும். நேர்சாலையிலும் இப்படி ஆனால் முன்னும் பின்னும் டயர் அளவு ஒன்றா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், முந்தைய உரிமையாளர் ஒரு ஆக்சிலை வேறு விகிதத்தில் மாற்றியிருக்கக்கூடும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, மறு சக்கரம் தரையில் அசையாமல் இருக்க, தூக்கியதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே அந்த ஆக்சிலின் விகிதம். ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணி முன்னையும் பின்னையும் ஒப்பிடுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனைகளை வளைய விடும் ஜாயின்ட் கிராஸ் பேசும் மொழி வேறு. கிளட்சை விடும் கணத்தில் ‘டக்’, மெதுவாக உருளும்போது ‘கீச் கீச்’ என்றால், கப்பின் விளிம்பைத் துணியால் துடைப்பதற்கு முன் நன்றாகப் பாருங்கள். செங்காவி நிறத்தில் நுண்ணிய தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங்குகள் கிரீஸின்றித் துருப்பிடித்து அரைபடுகின்றன. ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இருபாதிகளிலும் ஃபிளான்ஜ்களிலும் அடையாளம் இட்டுவிட வேண்டும். ஸ்ப்லைனில் ஒரு பல் மாறிக் கோத்துவிட்டாலும் இருமுனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேரில் நிற்காமல், இல்லாத அதிர்வு புதிதாக வந்து சேரும்.

ஆக்சில் சத்தம் வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ஊளையின் சுருதி மாறினால் கிரவுன்–பினியனையும் (ஆக்சிலுக்குள் விசையைத் திருப்பும் பல்சக்கர இணை) பினியன் பேரிங்கையும் பாருங்கள். அழுத்தினாலும் விட்டாலும் மாறாமல், ஸ்டீரிங்கை லேசாக வளைத்து எடை ஒரு பக்கம் சாயும்போது கூடினால் அது வீல் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது சுமை ஏறுவது இடச் சக்கரத்தில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நான்கு சக்கர இழுவையில் ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பும்போது மட்டும் முன்னால் ‘கடக் கடக்’ என்றால் அது நக்கிளுக்குள் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) இருக்கும் பர்ஃபீல்ட் ஜாயின்ட்.

கடைசியாக ஆயில். வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போது, ஊற்றும் துளையின் பிளக் கழலுகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கைத் திறங்கள்; இல்லையென்றால் ஆயிலை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்க நேரும். பிளக்கில் ஒட்டிய சாம்பல் நிறக் குழைவு வழக்கமான தேய்மானம். விரலில் உருட்டும்போது குத்துகிற துணுக்குகள் வந்தால் கேஸைப் பிரிக்கத்தான் வேண்டும். பித்தளை நிறத் துகள், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோ வளையத்தினுடையது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஆக்சில் ஓடைநீரில் இறங்கிக் குளிரும்போது, மேலே உள்ள காற்றுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாக நீரை உறிஞ்சிவிடும். குழாயைச் சுத்தம் செய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆக்சிலுக்குரிய ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தர வகை) ஆயிலைக் கியர் பாக்ஸிலும் ஊற்றுவது பரவலான பழக்கம். அதன் கந்தகச் சேர்மங்களில் சில பித்தளையை அரிக்கக்கூடியவை என்பதால், பித்தளை சிங்க்ரோ உள்ள பழைய கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஊற்றுவதே நல்லது.

இவ்வளவும் பார்த்த பிறகு கிரவுன்–பினியன்தான் என்று முடிவானால், அதை மட்டும் வீட்டில் தொட வேண்டாம் என்பேன். அவை இணையாகவே மாற்றப்பட வேண்டியவை; பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து சிம் (மெல்லிய இடைத்தகடு) சேர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த லீவர் நிலையில், எந்த வேகத்தில், அழுத்தும்போதா விடும்போதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அவர் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து தொடங்க மாட்டார்.