இரண்டு மரத்து எறும்பும் ஒரே கூட்டமா? தோப்பிலேயே பார்த்துவிடலாம்

போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் மாந்தோப்பில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு ஏறியபோது ஒரே ஒரு மரத்துக்கு மருந்து அடித்துவிட்டு வந்தேன், சில நாளில் பக்கத்து மரத்திலிருந்து திரும்ப ஏறிவிட்டது. நம் ஊர் எறும்புகளில் பல, தன் இனமே ஆனாலும் வேறு புற்றிலிருந்து வந்தால் விடாது. இது அப்படியில்லை. ஒரு புற்றிலேயே பல ராணிகள் இருக்கும், ஒரு ராணி கொஞ்சம் வேலைக்கார எறும்புகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய்ப் பக்கத்தில் புதுப் புற்று போடும், உடம்பு வாசனை ஒன்றாக இருக்கும் வரை அந்தப் புற்றுகளுக்குள் சண்டையே வராது. அதனால் மருந்து வைக்கும் முன் கூட்டத்தின் எல்லை எது என்று தெரிய வேண்டும்.

முதலில் ஆளை அடையாளம் பாருங்கள்: 4, 5 மில்லிமீட்டர் நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு, நீண்ட கால், நீண்ட உணர்கொம்பு, கலைத்தால் தாறுமாறாக ஓடும். கொட்டாது, ஆனால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அதனால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். 2022-இல் நத்தம் கரந்தமலை அடிவாரத்து மக்கள் ஆடுமாடுகளின் கண் கெடுகிறது என்று சொன்னது இந்த எறும்பைத்தான்.

சரி, சோதனை. வெயில் ஏறும் முன் இரண்டு மரத்திலிருந்தும் எறும்புகளைப் பெயின்ட் பிரஷால் தள்ளித் தனித்தனி பிளாஸ்டிக் கப்பில் சேருங்கள், கப்பின் உள் விளிம்பில் முகப்பவுடர் தடவினால் ஏறி ஓடாது. மூடி போட்டு அடைக்க வேண்டாம், தங்கள் அமில ஆவியிலேயே செத்துவிடும். அப்புறம் ஒரு புதுக் கப்பில் இரண்டு மரத்து எறும்பிலும் ஐந்தைந்து விட்டு பத்து நிமிடம் பாருங்கள். உணர்கொம்பால் தொட்டுவிட்டு விலகிப் போனால் பெரும்பாலும் ஒரே கூட்டம், காலைக் கவ்வி இழுத்து, வயிற்றை வளைத்து அமிலம் அடித்தால் வேறு கூட்டம். ஒரு முறை பார்த்து முடிவுக்கு வராதீர்கள், ஒவ்வொரு முறையும் புது எறும்பு, புதுக் கப் வைத்து ஐந்து முறையாவது செய்யுங்கள். ஒரே மரத்து எறும்புகளையே பத்து விட்டும் பாருங்கள், அமைதி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும்.

சண்டை இல்லாத மரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து வையுங்கள். மேலே அடிக்கும் மருந்தில் வெளியே திரிபவை மட்டும் சாகும், ராணிகள் மண்ணுக்குள்ளேயே இருக்கும். மெதுவாக வேலை செய்யும் விஷத்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்தால்தான் வேலைக்கார எறும்பு அதைக் குடித்து உள்ளே போய் ஊட்டும். கூடவே மாவுப்பூச்சியையும் தத்துப்பூச்சியையும் கட்டுப்படுத்துங்கள், அவை விடும் தேன் போன்ற கழிவுக்காகத்தான் இது மரம் ஏறுகிறது.

வரப்புக்கு அந்தப் பக்கத்து எறும்பும் சண்டை போடவில்லையென்றால் அண்ணன் தோட்டமோ பங்காளி தோட்டமோ, அவரையும் அன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.