சொன்ன விலையும் முடிந்த விலையும்: வீட்டுச் சந்தை திரும்பும்போது நடக்கும் தவறுகள்

வீடு விற்க நினைப்பவரிடம் "என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஓர் எண் வரும், அதன் பின்னாலேயே ஒரு பக்கத்து வீடும் வரும். "எதிர் வீடு போன வருஷம் இவ்வளவுக்குப் போச்சு. என் வீட்டில் அதைவிட ஒரு ரூம் கூட." வாங்க வருபவர் கையிலும் ஓர் எண் இருக்கும். அது அவருடைய சகலை மூன்று வருஷம் முன்பு வாங்கிய விலை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு எண்ணுமே இன்றைய விலை கிடையாது.

சந்தை அசையாமல் கிடக்கும் காலத்தில் பழைய விலையை வைத்துப் பேசினால் பெரிய சேதம் வராது. திசை திரும்பும் சமயத்தில்தான் அது கையைக் கடிக்கும். நான் பார்த்தவரை, இந்தச் சமயத்தில் வாங்குபவரும் விற்பவரும் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேரிலிருந்து முளைப்பவைதான்.

விலை கடைசியாகத்தான் இறங்கும்

"விலை குறைந்ததாக எங்கும் செய்தி வரவில்லையே" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது முதல் தவறு. வீட்டுச் சந்தையில் முதலில் படுப்பது விற்பனை. விலை பிறகுதான் அசையும். வட்டி ஏறியதும் வாங்குபவர் ஒதுங்கிவிடுவார். விற்பவரோ குறைக்க மனமில்லாமல் காத்திருப்பார். நடுவில் பேரமே நடக்காது.

அமெரிக்காவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே 30 வருஷ வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதமாக இருந்தது. 2023 அக்டோபரில் 7.79. கைமாறிய பழைய வீடுகளின் எண்ணிக்கை 2021-ல் சுமார் 61 லட்சம். 2023-ல் சுமார் 41 லட்சம். 1995-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்த ஆண்டு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு விற்பனை காணாமல் போன அதே 2023-ல் வீடுகளின் இடைநிலை விலை (விலைகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) மட்டும் அதுவரை இல்லாத உச்சத்தில் நின்றது. விலையை மட்டும் பார்த்தவருக்குச் சந்தை ஜோராக இருப்பதாகத்தான் பட்டிருக்கும்.

அச்சில் வரும் விலையே பழசு என்பது இன்னொரு விஷயம். அந்த நாட்டில் பலரும் மேற்கோள் காட்டும் கேஸ்-ஷில்லர் குறியீடு மூன்று மாதச் சராசரி. அதுவும் இரண்டு மாதம் தாமதமாகத்தான் வெளியாகிறது. பத்திரம் பதிவாகும் விலையும் அதற்குச் சில வாரம் முன்பே பேசி முடித்த விலைதான். ஆக, இன்று காலையில் நீங்கள் படிப்பது சில மாதம் முன்பு யாரோ இருவர் பேசிய பேரம்.

அப்போது எதைப் பார்ப்பது? உங்கள் வீடு போன்ற வீடுகள் அந்தப் பகுதியில் எத்தனை விற்பனைக்கு நிற்கின்றன, மாதம் எத்தனை முடிகின்றன என்று எண்ணுங்கள். 30 நிற்கிறது, மாதம் ஐந்து முடிகிறது என்றால் ஆறு மாதச் சரக்கு தேங்கியிருக்கிறது. போன வருஷம் அதுவே இரண்டு மாதச் சரக்காக இருந்திருந்தால் காற்று மாறிவிட்டது என்று அர்த்தம், விலை என்ன சொன்னாலும் சரி. தரகரிடம் "மார்க்கெட் எப்படி?" என்று கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் ஒரே பதில்தான். "கடைசியாக முடிந்த மூன்று வீடு எவை? எத்தனை நாளில் முடிந்தன? சொன்ன விலை என்ன, முடிந்த விலை என்ன?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் தெரியாத தரகர் உங்களுக்கு வேண்டாம்.

நான் வாங்கின விலை

விற்பவரைப் படுத்தும் எண் வேறு. தான் கொடுத்த விலைக்குக் கீழே போகக் கூடாது என்ற பிடிவாதம் அது. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1990-களின் பாஸ்டன் நகரச் சந்தையை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் அளந்து காட்டியது. வாங்கிய விலைக்குக் கீழே விற்க வேண்டிய நிலையில் இருந்த பிளாட்காரர்கள், தங்களுக்கு வரப்போகும் நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை சொல்லும் விலையில் ஏற்றிவைத்தார்கள். பலன்? ஏற்றியதில் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. வீடு விற்கும் வேகமும் குறைந்தது.

நீங்கள் என்ன கொடுத்து வாங்கினீர்கள் என்பது வாங்க வருபவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் இதுதான் நிஜம். போட்ட மரவேலைக்கும் இதே கதிதான். உங்கள் ரசனைக்குச் செய்த அலமாரியை உடைத்து எடுக்க எவ்வளவு ஆகும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் பிடிவாதத்தின் அடுத்த கட்டம் தவணை முறையில் விலையைக் குறைப்பது. ஒரு கணக்கு பார்ப்போம். இன்றைய நியாயமான விலை 100. சந்தை மாதம் ஒன்று வீதம் இறங்குகிறது. நீங்கள் 110 சொல்கிறீர்கள். மூன்று மாதம் யாரும் வரவில்லை, 105 ஆக்குகிறீர்கள். அப்போது சந்தை 97. இன்னும் மூன்று மாதம், 100, சந்தை 94. ஒன்பதாம் மாதம் 95, சந்தை 91. ஒவ்வொரு முறையும் குறைத்ததாக உங்களுக்குத் தோன்றும், ஆனால் ஒரு முறைகூடச் சந்தையைத் தொட்டிருக்க மாட்டீர்கள். இதற்குள் அந்தப் பகுதித் தரகர்கள் எல்லோருக்கும் உங்கள் வீடு பழகிப்போயிருக்கும். புதிதாக வரும் பார்ட்டியும் "இத்தனை நாள் ஏன் போகவில்லை? ஏதாவது வில்லங்கமா?" என்றுதான் கேட்பார். முதல் நாளே 98 சொல்லியிருந்தால் மூன்று பேர் வந்து பார்த்திருப்பார்கள். விற்பனைக்கு வந்த முதல் சில வாரங்களில் வரும் கவனம் திரும்பக் கிடைக்காது. விலையை ஒரே வெட்டாக வெட்டத் தயங்குபவர்கள் மறப்பது இதைத்தான்.

சரி, தரகர் சொல்வதைக் கேட்டால் போதுமா? அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் சிகாகோ வட்டாரத்தில் விற்ற கிட்டத்தட்ட ஒரு லட்சம் வீடுகளை ஆராய்ந்தார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது ஒன்பது, பத்து நாள் கூடுதலாகப் பொறுத்திருந்து சுமார் 3.7 சதவீதம் அதிக விலை வாங்கினார்கள். காரணம் எளிது. விலை 3 சதவீதம் கூடினால் உங்களுக்கு அது பெரிய தொகை. கமிஷனில் அவருக்கு வருவது சில்லறை. சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் அவருக்கு லாபம். அவரை எதிரியாகப் பார்க்க வேண்டாம். "இந்த விலைக்கே கொடுத்துவிடுங்கள்" என்று அவர் அவசரப்படுத்தினால், கையிலிருக்கும் முடிந்த விலைகளோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

அடிமட்டத்துக்குக் காத்திருப்பது

இனி வாங்குபவர் பக்கம். "இன்னும் இறங்கும், பொறுப்போம்" என்பது இவர்களின் பல்லவி. அடிமட்டம் எது என்பது ஏறத் தொடங்கிச் சில மாதம் கழிந்த பிறகுதான் யாருக்கும் தெரியும். இணையத்தில் வீட்டு விலைகளைக் காட்டும் அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனத்திடம் இல்லாத வீட்டு விலைத் தகவலா? கணினிக் கணிப்பை நம்பி வீடுகளை வாங்கி விற்ற அந்த நிறுவனம், விலைப் போக்கைத் துல்லியமாகக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. எதிர்ப்பக்கமும் மறக்கக் கூடாது. ஜப்பானில் 1991 வாக்கில் உச்சம் தொட்ட நகர நில விலை அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. "நிலம் என்றைக்கும் இறங்காது" என்று அங்கேயும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

குடியிருக்க வாங்குபவர் திசையைக் கணிக்க வேண்டியதில்லை. ஏழெட்டு வருஷம் அந்த வீட்டில் இருப்போமா, நடுவில் விலை இறங்கினாலும் தவணை கட்ட முடியுமா என்ற இரண்டுக்கும் பதில் இருந்தால் போதும். இரண்டாவதை நிறையப் பேர் மேலோட்டமாகத்தான் பார்க்கிறார்கள்.

20 வருஷக் கடன், 7 சதவீத வட்டி என்று வையுங்கள். ஒவ்வொரு லட்சத்துக்கும் மாதத் தவணை சுமார் 775. வட்டி மாறக்கூடிய கடன் அது, 9 சதவீதமாகிறது. இப்போது தவணை சுமார் 900, அதாவது 16 சதவீதம் கூடுதல். பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடும். கடன் வாங்கியவருக்கு எதுவும் மாறாதது போலவே இருக்கும். கடன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இந்த ஏற்றம் நடந்து, அதே 775-ஐக் கட்டிக்கொண்டிருந்தால் கடன் தீர எத்தனை வருஷம் ஆகும் தெரியுமா? 38. வட்டி 9.3-ஐத் தொட்டால் 775 மொத்தமும் வட்டிக்கே போய்விடும், அசலில் ஒரு பைசா குறையாது. இது வெறும் தாள் கணக்கும் இல்லை. கனடாவின் மத்திய வங்கி தன் வட்டியை 2022 மார்ச்சில் இருந்த 0.25 சதவீதத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5 சதவீதத்துக்கு ஏற்றியபோது, மாறும் வட்டியும் மாறாத தவணையுமாக வாங்கியிருந்த பலருக்குத் தவணை வட்டிக்கே போதாமல் அசல் ஏறத் தொடங்கியது.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் வங்கியில் இரண்டு கேள்வி: வட்டி ஏறினால் தவணை மாறுமா, காலம் மாறுமா? இன்றைய வட்டியைவிட 2 சதவீதம் கூடுதலாக வைத்துத் தவணை போட்டுக் காட்ட முடியுமா? அந்தத் தவணையை மூன்று மாதம் கடன் வாங்காமலேயே தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் சின்ன வீடாகப் பார்ப்பது நல்லது.

விலை குறையாது, சலுகை கூடும்

புது அடுக்குமாடி பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது. கிராக்கி குறைந்தாலும் பில்டர் விளம்பர விலையைக் குறைக்க மாட்டார். குறைத்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள், மிச்சமிருக்கும் வீடுகளின் மதிப்பும் விழும். பதிலாக கார் நிறுத்தம் இலவசம், சமையலறை மரவேலை இலவசம், வீடு கையில் வரும்வரை வட்டியை நாங்களே கட்டுகிறோம் என்று பட்டியல் நீளும். அத்தனைக்கும் பணமதிப்புப் போட்டு விலையிலிருந்து கழித்தால் வருவதுதான் உண்மையான விலை. "எனக்கு அது எதுவும் வேண்டாம், விலையில் குறைத்துக்கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். விலை குறைந்தால் கடனும் குறையும், 20 வருஷ வட்டியும் மிச்சம். வட்டியை நாங்கள் கட்டுகிறோம் என்ற சலுகையில், பில்டர் நடுவில் கட்டாமல் நிறுத்தினால் வங்கி யாரைக் கேட்கும் என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் கடன் உங்கள் பேரில்தான் இருக்கும்.

சூடான சந்தையில் நடக்கும் தவறு இதற்கு நேர் எதிர். நாலு பேர் போட்டி என்றதும் வக்கீலிடம் காட்டாமல், சுவரைத் தட்டிப் பார்க்காமல் அட்வான்ஸை நீட்டிவிடுவார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் ஒரு வரி மட்டும் எழுதி வாங்குங்கள்: கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று. சந்தை இறங்கும்போது வங்கி போடும் மதிப்பு பேசிய விலைக்குக் கீழே வருவது சகஜம். அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து போட முடியாதவருக்கு இந்த வரிதான் காப்பு. அப்புறம், புதுப் பெயின்ட் மணக்கும் வீட்டில் அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓதம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குபவர்கள்

இவர்கள்தான் சந்தை திரும்பும்போது அதிகம் பயப்படுகிறார்கள், பல சமயம் காரணமில்லாமல். உங்கள் வீடு 80, வாங்க நினைக்கும் பெரிய வீடு 120. கையிலிருந்து போட வேண்டியது 40. இரண்டும் 10 சதவீதம் இறங்கினால் 72, 108. போட வேண்டியது 36. எண்பதுக்குப் போக வேண்டிய வீடு எழுபத்திரண்டுக்குப் போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், ஆனால் கணக்கில் உங்களுக்கு 4 மிச்சம். விலை ஏறட்டும், நல்ல விலைக்கு விற்றுவிட்டு மாறலாம் என்று காத்திருப்பவர் இடைவெளியைத்தான் பெரிதாக்கிக்கொள்கிறார். பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு மாறுபவருக்கு இதே கணக்கு தலைகீழ். இறங்கும் சந்தையில் அவர் சீக்கிரம் விற்பதுதான் நல்லது.

ஆனால் எதை முதலில் முடிப்பது என்பதில் கவனம் தேவை. ஏறும் சந்தையில் புது வீட்டை முதலில் பிடித்தவர் தப்பித்துவிடுவார், பழையது எப்படியும் போய்விடும். இறங்கும் சந்தையில் அப்படிச் செய்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டு வீட்டுக்கும் தவணை ஓடும், அவசரம் தெரிந்த பார்ட்டி விலையை அடித்துக் கேட்பார். அதனால் முதலில் விற்றுவிடுங்கள். விற்பனை ஒப்பந்தத்திலேயே, பத்திரம் முடிந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் வாடகை கொடுத்து அங்கேயே இருந்துகொள்கிறேன் என்று கேட்கலாம். வாங்குபவருக்கும் அவசரம் இல்லையென்றால் ஒத்துக்கொள்வார். கிடைக்காவிட்டால் சில மாதம் வாடகை வீடு, சாமான்களை இரண்டு முறை ஏற்றி இறக்கும் கூலி. இரண்டு தவணைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கூலி ஒன்றுமே இல்லை.