மடிக்கணினியின் மூடியை மடக்கினால் அது அணைந்துவிடுமா? புதியவர்களுக்கான மின்சக்தி அமைப்பு விளக்கம்

மடிக்கணினிக்குப் புதியவர்கள் பலர், வேலை முடிந்ததும் மூடியை மடக்கி வைத்துவிட்டு, கணினி அணைந்துவிட்டது என்று நம்பி எழுந்துவிடுகிறார்கள். மறுநாள் திறக்கும்போது பேட்டரி பாதியாகக் குறைந்திருப்பதைக் கண்டு, கணினியில் பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். பல வேளைகளில் அங்கே பழுது எதுவும் இருப்பதில்லை. கணினி அணையவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது. அணைதல், உறங்குதல், இரண்டுக்கும் இடைப்பட்ட ஹைபர்நேட் ஆகிய மூன்று நிலைகளின் வேறுபாட்டை அறிந்துகொண்டால், மின்சக்தி தொடர்பான மற்ற அமைப்புகள் எளிதில் புரியும்.

இவ்விளக்கம் விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினிகளுக்கானது. பெரும்பாலானோரின் திரையில் ஆங்கிலப் பெயர்களே இருக்கும் என்பதால், பட்டியல்களின் பெயர்களை ஒலிக்கும்படியே தந்திருக்கிறேன்.

முதல் முறை இயக்கும்போது

பெட்டியிலிருந்து எடுத்த புதிய மடிக்கணினி, பொத்தானை அழுத்தியும் உயிர்பெறாவிட்டால் பதற வேண்டாம். பேட்டரியைத் துண்டித்த நிலையில் வைத்துத் தொழிற்சாலையிலிருந்து அனுப்பும் வழக்கம் பல நிறுவனங்களிடம் உண்டு. சார்ஜரைச் செருகியவுடன் அந்நிலை விலகிவிடும். முதல் நாள் எட்டு மணி நேரம் தொடர்ந்து சார்ஜ் செய்ய வேண்டும் என்று இன்னும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் பேட்டரிகளின் காலத்து வழக்கம். இன்றைய மடிக்கணினிகளில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரிக்கு அது தேவையில்லை.

சார்ஜரின் மேல் பொறித்திருக்கும் எண்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்க 65 வாட் கிடைக்கும். இந்த அளவு தேவைப்படும் கணினியில் கைப்பேசியின் டைப்-சி சார்ஜரைச் செருகினால், துளை பொருந்தினாலும் சார்ஜ் மிக மெதுவாக ஏறும், அல்லது ஏறாமலே இருக்கும்.

அணைத்தலும் உறக்கமும் ஹைபர்நேட்டும்

நீங்கள் திறந்து வைத்திருக்கும் கடிதம், இணையப் பக்கங்கள் எல்லாம் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில் இருக்கின்றன. மின்சாரம் நின்றால் அந்நினைவகம் வெறுமையாகிவிடும். 'ஸ்லீப்' எனப்படும் உறக்கத்தில் திரை முதலானவை அணைந்தாலும், ரேமுக்குச் செல்லும் சிறிதளவு மின்சாரம் நிற்பதில்லை. அதனால்தான் திறந்த சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடர முடிகிறது. அதனால்தான் பேட்டரியும் மெல்ல மெல்லக் கரைகிறது. 'ஹைபர்நேட்' நிலையிலோ, ரேமில் உள்ளவற்றை அப்படியே வட்டு எனப்படும் நிலையான சேமிப்பகத்தில் ஒரு கோப்பாக எழுதி வைத்துவிட்டுக் கணினி அணைந்துவிடுகிறது. மீண்டும் இயக்க அரை நிமிடம் வரை ஆகலாம். ஆனால் பேட்டரி ஏறத்தாழ அப்படியே இருக்கும், திறந்து வைத்த கோப்புகளும் திறந்தபடியே திரும்பும். 'ஷட் டவுன்' எல்லாவற்றையும் மூடிவிட்டு அணைக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது செயல்பாட்டில் இருக்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதுவே திரும்ப ஏற்றப்படுகிறது. ஆகையால் கணினி ஏதேனும் முரண்டு பிடித்தால் அணைத்துப் போடுவதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுப்பதே நல்லது. அதுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

கணினி உறைந்துபோய் எதற்கும் அசையாத நிலையில் மட்டும், ஆற்றல் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். சேமிக்காத வேலை போய்விடும் என்பதால் இதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

ஹைபர்நேட்டை வெளியே கொண்டுவருதல்

பல கணினிகளில் ஹைபர்நேட் பட்டியலில் தெரிவதில்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'கன்ட்ரோல் பேனல்' என்று தேடித் திறந்து, அதில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். இடப்பக்கம் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்ற வரி இருக்கும். அதைத் திறந்து, மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவெயிலபிள்' என்ற வரியைச் சொடுக்கினால், மங்கலாக இருந்த கட்டங்கள் தெளிவாகும். அவற்றில் ஹைபர்நேட் கட்டத்தைக் குறியிட்டு, 'சேவ் சேஞ்சஸ்' கொடுங்கள்.

அதே பக்கத்தில்தான் மூடியை மடக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சொல்ல முடியும். பேட்டரியில் இயங்கும்போது, சார்ஜரில் இயங்கும்போது என இரண்டு பத்திகள் இருக்கும். பேட்டரிப் பத்தியில் ஹைபர்நேட்டையும், சார்ஜர் பத்தியில் ஸ்லீப்பையும் தேர்ந்தெடுக்கும்படி நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓர் இரவுப் பேருந்தில் வந்தபோது, மூடியை மடக்கிப் பையில் வைத்த என் கணினி உறக்கத்திலிருந்து தானே விழித்துக்கொண்டு, காற்றோட்டமில்லாத பைக்குள் சூடேறிக் கிடந்தது. காலையில் கையை வைத்தால் இஸ்திரிப் பெட்டி போலிருந்தது. பேட்டரியும் முற்றிலும் தீர்ந்திருந்தது. புதுப்பிப்புக்காகவோ அஞ்சல் வந்ததற்காகவோ இன்றைய கணினிகள் உறக்கத்தில் இடையிடையே விழிப்பதுண்டு. ஹைபர்நேட் நிலையில் இந்த அபாயம் மிகவும் குறைவு.

நேர அளவுகளும் ஆற்றல் முறையும்

விண்டோஸ் விசையுடன் ஐ என்ற எழுத்தை அழுத்தினால் 'செட்டிங்ஸ்' திறக்கும். அதில் 'சிஸ்டம்', பிறகு 'பவர் அண்ட் பேட்டரி'. திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும், கணினி எப்போது உறங்க வேண்டும் என்பவற்றை இங்கே குறிக்கலாம். பேட்டரியில் திரைக்கு 3 நிமிடமும் உறக்கத்துக்கு 10 நிமிடமும், சார்ஜரில் முறையே 10, 30 நிமிடமும் வைத்துத் தொடங்கி, உங்கள் பழக்கத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய கோப்பு ஒன்றைப் பதிவிறக்கும்போது கணினி உறங்கிவிட்டால் இறக்கம் தடைபடக்கூடும். அன்றைக்கு மட்டும் சார்ஜருக்கான உறக்க நேரத்தை 'நெவர்' என்று வைத்துக்கொள்ளலாம்.

'பவர் மோட்' என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் உள்ளன. எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் 'பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி' போதும். காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலைக்கு 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்'. நடுவில் உள்ள 'பேலன்ஸ்ட்' பொதுப் பயன்பாட்டுக்கு. இவற்றையெல்லாம்விடக் கண்கூடாகப் பலன் தருவது திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதுதான். சாதாரண வேலையில் மடிக்கணினியின் மின்சாரத்தை அதிகம் உண்பவற்றுள் திரைக்கு முதன்மையான இடம் உண்டு. சூரியன் படம் போட்ட விசைகளால் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி வைத்துப் பாருங்கள்.

பேட்டரியின் உடல்நிலையை அறிதல்

லித்தியம் அயனி பேட்டரி ஒவ்வொரு சார்ஜ் சுழற்சியிலும் சிறிது தேய்கிறது. வெப்பமும், எந்நேரமும் 100 விழுக்காட்டிலேயே நிறுத்தி வைப்பதும் அந்தத் தேய்வை விரைவுபடுத்துகின்றன. நாள் முழுவதும் சார்ஜரிலேயே வேலை செய்பவர்கள், தங்கள் கணினி நிறுவனம் தரும் செயலியில் சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் தேர்வு இருக்கிறதா என்று பார்த்து இயக்கிவிடுவது நல்லது. மெத்தை, தலையணை மீது வைத்து வேலை செய்வதைத் தவிருங்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும்.

தேய்வை எண்களில் பார்க்கவும் வழி உண்டு. ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி 'டெர்மினல்' என்பதைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி ஆகிய மூன்று எழுத்துகளை இடைவெளியின்றி ஒட்டி அடியுங்கள். பிறகு ஓர் இடைவெளி. அடுத்து முன்புறம் சாய்ந்த கோடு. அதை ஒட்டிப் பேட்டரி ரிப்போர்ட் என்ற இரு சொற்களையும் சேர்த்து அடித்து என்டர் விசையை அழுத்துங்கள். அறிக்கை எந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டது என்று திரையிலேயே காட்டும். அந்தக் கோப்பு உலாவியில் திறக்கும்.

அதில் 'டிசைன் கெபாசிட்டி' என்பது புதிதாக இருந்தபோது பேட்டரி தாங்கிய அளவு. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்பது இன்று தாங்கும் அளவு. முதலாவது 50,000 மில்லிவாட் மணியும் இரண்டாவது 40,000-உம் ஆனால், பேட்டரியில் 80 விழுக்காடு மிச்சமிருக்கிறது. சராசரியாக 10 வாட் எடுக்கும் வேலைக்கு, புதிதில் 5 மணி நேரம் தாங்கியது இன்று 4 மணி நேரம் தாங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த அறிக்கையை எடுத்துத் தேதியிட்டு வைத்துக்கொண்டால், பேட்டரியை மாற்ற வேண்டிய காலம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அறிக்கையில் தெரியாத ஒன்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். தொடுபலகை மேலெழும்பியோ, அடிப்பாகம் புடைத்தோ, மூடி சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அந்நிலையில் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, எரியக்கூடிய பொருள்களிடமிருந்து விலக்கி வைத்துவிட்டுப் பழுதுநீக்குபவரிடம் ஒப்படையுங்கள். கழற்றிய பேட்டரியையும் வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடமே கொடுக்க வேண்டும்.