'ஹேவ்' எங்கே வரும், எங்கே வராது?

ஆங்கிலத்தில் 'ஐ சா' என்று எழுதுவதா, 'ஐ ஹேவ் சீன்' என்று எழுதுவதா என்பதுதான் இங்கே கேள்வி. கோ, வென்ட், கான் என்று வினைச்சொல்லின் மூன்று வடிவங்களும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். 12 காலங்களைக் கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணை கையில் இருந்தால் மூடி வையுங்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்ய உதவுமே தவிர, எழுத உட்காரும்போது கைகொடுக்காது.

படி 1: நேரத்தைத் தேடுங்கள்

நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன நேரம் எதுவும் வாக்கியத்தில் இருந்தால் சிம்பிள் பாஸ்ட்தான் ('ஹேவ்' இல்லாத 'ஐ சா', 'ஐ வென்ட்' போன்ற இறந்தகாலம்); மறுபேச்சே இல்லை. எப்போது என்று கேட்பதும் இதில் சேர்த்தி. "வென் டிட் யூ கம்?" என்பதே சரி, "வென் ஹேவ் யூ கம்?" தவறு.

தமிழ் நம் காலை வாருவது இங்கேதான். "அவரை 2019-இல் பார்த்திருக்கிறேன்" என்பது தமிழில் பழுதில்லாத வாக்கியம். அதே சூட்டில் "ஐ ஹேவ் சீன் ஹிம் இன் 2019" என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் இதை ஏற்காது. ஆண்டு வேண்டுமா, "ஐ சா ஹிம் இன் 2019". 'ஹேவ்' வேண்டுமா, ஆண்டை எடுத்துவிட்டு "ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்". அப்படியானால் 'சின்ஸ் 2019' மட்டும் எப்படி 'ஹேவ்' உடன் வருகிறது? அந்த நேரம் 2019-இல் தொடங்கி இன்றுவரை நீள்கிறது, இன்னும் முடியவில்லை.

படி 2: நேரம் இல்லையென்றால் விளைவைப் பாருங்கள்

"ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்றால் சாவி இன்னும் கிடைக்கவில்லை, ஆள் வாசலில் நிற்கிறார். "ஐ லாஸ்ட் மை கீ" என்பதில் அது பிறகு கிடைத்ததா என்ற தகவலே இல்லை.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது இலக்கணச் செயலிகளை அல்ல, ஆங்கிலச் செய்திகளை. "தி மினிஸ்டர் ஹேஸ் ரிசைன்ட்" என்று செய்தி தொடங்கும். அடுத்த வரியில் "ஹி சென்ட் ஹிஸ் லெட்டர் லாஸ்ட் நைட்" என்று நேரம் வந்ததும் 'ஹேஸ்' காணாமல் போகும்.

படி 3: தமிழில் நிகழ்காலமாக இருப்பவை

"பத்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்" என்பதை "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்று எழுத வேண்டும். 'ஹேவ்' விட்டுப்போனால் வேலையை விட்டுவிட்டதாகப் பொருள். விண்ணப்பக் கடிதத்தில் இந்த ஒரு வரியை இரண்டு முறை படித்துப் பாருங்கள்.

பின்சேர்க்கை: "ஐ ஆல்ரெடி ஏட்" தவறா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அமெரிக்கர்கள் அப்படிப் பேசுவது இயல்பு. பிரிட்டிஷ் வழக்கில் "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்". உங்கள் தேர்வு எந்த வழக்கைப் பின்பற்றுகிறதோ அதையே எழுதுங்கள்.

'திஸ் மார்னிங்' பற்றியும் கேள்வி வந்தது. காலை பத்து மணிக்கு "ஹேவ் யூ சீன் ஹர் திஸ் மார்னிங்?" என்று கேட்கலாம். மாலையில் கேட்டால் "டிட் யூ சீ ஹர் திஸ் மார்னிங்?" சொற்கள் அவையே, ஆனால் காலைப் பொழுது முடிந்துவிட்டது.